வினைக்கு முன் நிற்கும் இரு தொடர்கள்



ஆங்கிலம் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். இலக்கணம் முழுவதையும் இம்மேடையில் நடத்தத் தொடங்கினால் பந்தலில் ஒருவரும் மிஞ்சமாட்டார். ஆகவே 'கைண்ட் ஆஃப்', 'சார்ட் ஆஃப்' என்னும் இரு தொடர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இவை முதலில் பெயர்ச்சொல்லோடு நின்றவை. 'எ கைண்ட் ஆஃப் ஃபிஷ்' என்றால் ஒருவகை மீன், அதில் ஐயமில்லை. பின்னர்ப் பேச்சுவழக்கில் வினைக்கு முன்னும் வந்தமர்ந்தன. 'ஹி கைண்ட் ஆஃப் ரெஃப்யூஸ்டு' என்றால், அவர் மறுத்தாற்போல் இருந்தது என்பதே பொருள். திட்டமாக மறுத்தார் என்பதன்று. தமிழில் அத்தயக்கம் வினைக்குப் பின்னே ஒட்டுகிறது. வீட்டில் 'மறுத்த மாதிரி' என்கிறோம் அல்லவா? ஆங்கிலத்தில் அது வினைக்கு முன்னே நிற்கிறது. இதைக் கண்டுகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இவ்வழக்கைக் கொச்சையென்று இகழவும் வேண்டா. கனவான்களின் நாகரிகமென்று வியக்கவும் வேண்டா. 1850இல் நூலாக வெளிவந்த 'டேவிட் காப்பர்ஃபீல்டு' புதினத்தில், யார்மத் கடற்கரை மீனவர் வாயில் 'கைண்டர்' என்ற வடிவில் இதனை டிக்கன்ஸ் வைத்திருக்கிறார். இன்று கற்றோரும் நண்பர்களிடையே தாராளமாகச் சொல்கின்றனர். கடுமையைத் தணிக்கவும், தக்க சொல் அகப்படாதபோது சற்றே மூச்சுவாங்கவும் அது உதவுகிறது.

நேர்முகத் தேர்வு நண்பர் கூட்டம் அன்று. 'கணினியில் கணக்கெழுதத் தெரியுமா?' என்ற வினாவிற்கு, நன்கு தெரிந்த நம் பிள்ளை அடக்கம் கருதி 'ஐ சார்ட் ஆஃப் நோ' என்று விடையளிக்கக்கூடும். கேட்பவர் அரைகுறை என்று குறித்துக்கொள்வார். பிறர் சொன்னால் பணிவெனப்படுவது, நம்மவர் சொன்னால் தகுதிக்குறைவெனப்படுவதும் உண்டு. ஊர்த்தெருவில் நிமிர்ந்து நின்று ஒரு விடை சொல்ல நம் பாட்டன்மாருக்கு உரிமையில்லாதிருந்தது. அந்தக் குனிவு ஆங்கில உருவில் பேரப்பிள்ளைகளின் நாவில் ஏன் ஏறவேண்டும்? அளவு கூறவேண்டுமாயின் அளவையே கூறுங்கள்: ஆறு மாதம் பயின்றேன், இன்னின்ன வேலைகளைச் செய்வேன் என்று.

1936இல் லாகூர் மாநாட்டிற்கென அண்ணல் அம்பேத்கர் எழுதிய தலைமையுரையில் சில பகுதிகளை மாற்றுமாறு, அழைத்த ஜாத்-பாத் தோடக் மண்டலத்தாரே கேட்டனர். அண்ணல் இணங்கவில்லை. மாநாடு நின்றுபோயிற்று, உரையைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். 'சாதி ஒழிப்பு' என நாம் அறிந்த அந்நூலை ஆங்கில மூலத்திலேயே படியுங்கள். வினைச்சொற்கள் எவ்வளவு நேராக நிற்கின்றன என்பது புலப்படும்.

இத்தொடர்கள் விண்ணப்பத்திலும் அலுவலகக் கடிதத்திலும் வரலாகா என்பதைச் சொல்லவேண்டியதில்லை. காதில் விழும்போதும் கவனம் வேண்டும். நம் கோரிக்கையைக் கேட்ட அலுவலர் 'ஐ கைண்ட் ஆஃப் அக்ரீ' என்றால், இசைவு கிடைத்துவிட்டதென்று மகிழ்ந்து திரும்பிவிடாதீர்கள். எதற்கு இசைகிறார், எதற்கு இசையவில்லை என்று அங்கேயே கேட்டு, எழுத்தில் பெற்று வாருங்கள்.