கோடையில் இல்லத்து முதியோர்



பகவான் மகாவீரர் திருவவதார நாள் பங்குனியிலோ சித்திரைத் தொடக்கத்திலோ அமைகிறது. விழாப் பந்தல் பிரிக்கப்படும் வேளையிலேயே வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் மாவட்டங்களில் வெயில் ஏறத் தொடங்கிவிடும். மே 4 வாக்கில் பிறக்கும் கத்தரி வெயில் அம்மாத இறுதி வரை நீளும். அக்காலத்தில் வயலில் உழைப்போரையும் சாலையில் நடப்போரையும் எண்ணி இரங்குவது உலக வழக்கம். வீட்டினுள் இருக்கும் முதியவருக்கு இடரில்லை என்றே பலரும் கருதுகின்றனர். நடந்த நிகழ்ச்சிகள் வேறு விதமாகச் சான்று பகர்கின்றன.

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரை வெப்ப அலை தாக்கியபோது 700க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் முதியோர். பலர் தனித்து வாழ்ந்து, அடைத்த அறைக்குள்ளேயே உயிர் நீத்தோர். படுக்கையில் கிடந்தோருக்கும் தனித்திருந்தோருக்கும் இடர் மிகுதியாகவும், உற்றார் நண்பரோடு தொடர்பிலிருந்தோருக்குக் குறைவாகவும் இருந்ததை ஆய்வாளர் பின்னர்க் கண்டறிந்தனர். 2003 ஆகஸ்டில் பிரான்சு நாட்டில் ஏறத்தாழ 15,000 பேர் வெப்பத்திற்கு இரையாயினர். அது அந்நாட்டுக் குடும்பங்கள் விடுமுறைக்கு வெளியூர் செல்லும் மாதம். பாரத நாட்டிலோ, 2010 மே மாதத்தில் அகமதாபாத்தின் வெப்பம் 46.8 பாகையை எட்டியது. அம்மாதத்தில் வழக்கத்தினும் 1,344 பேர் கூடுதலாக இறந்தனர் என ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2013இல் அந்நகரம் வகுத்த வெப்பச் செயல்திட்டம் தென்னாசியாவிலேயே முதலாவதாகும்.

முதுமையில் தாக உணர்வு மழுங்கிவிடுகிறது. உடலில் நீர் வற்றினாலும் நா வேண்டுவதில்லை. வியர்வையும் முன்போல் சுரப்பதில்லை. "எனக்குத் தாகமில்லை" என்று கூறும் மூதாட்டி பொய் கூறவில்லை. அவருடைய உடலே அவரிடம் உண்மையை மறைக்கிறது. வேறொரு காரணமும் உண்டு. அதனை வெளியே சொல்ல முதியோர் நாணுவர். மூட்டுவலியோடு இரவில் கழிப்பறைக்கு எழ வேண்டுமே, உறங்கும் மருமகளை எழுப்ப வேண்டுமே என்று அஞ்சிப் பிற்பகலிலேயே நீரைக் குறைத்துக்கொள்கின்றனர். படுக்கைக்கருகே ஒரு விளக்கும், சுவரில் ஒரு கைப்பிடியும் அமைத்துக் கொடுத்தால் அவ்வச்சம் பெரிதும் நீங்கும். நீர் குடிக்குமாறு ஓயாது வற்புறுத்துவதினும் இது பயனுள்ளது.

சமண இல்லங்களில் இதனைக் கூடுதலாகக் கருத வேண்டியுள்ளது. கதிரவன் மறைந்தபின் உண்ணாமையோடு நீரையும் துறக்கும் முதியோர் பலர். மே மாதத்தில் சென்னையில் மாலை 6.30 மணி வாக்கில் ஞாயிறு மறைந்து, காலை 5.45 மணி வாக்கில் எழுகிறது. எழுந்து 2 நாழிகை கழித்தே வாய் நனைப்போர்க்கு இடைவெளி 12 மணி நேரமாகிறது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம் அந்த இரவு முழுவதும் அறைக்குள் வெப்பத்தை உமிழ்கிறது. ஆகவே அந்த 12 மணி நேரத்திற்கான நீரைப் பகலிலேயே சிறிது சிறிதாக அருந்துதல் வேண்டும். மறையும் வேளையில் ஒரே மூச்சில் இரண்டு செம்பு பருகுவதால் பயன் சிறிது. காய்ச்சி ஆறிய நீரோடு நீர்மோரும் கஞ்சியும் தக்கவை. இதய நோயும் சிறுநீரக நோயும் உடையோர்க்கு நீருக்கும் உப்புக்கும் மருத்துவர் அளவு குறித்திருப்பார். அவ்வளவைக் கோடைக்கு முன்பே கேட்டறிய வேண்டும். இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் மாத்திரைகளுள் சில சிறுநீரைப் பெருக்குபவை. அவற்றைத் தாமாக நிறுத்துவதும் கேடு, கேளாமல் தொடர்வதும் கேடு.

நோன்பைத் தளர்த்தச் சொல்வது அறத்திற்கு மாறாகாதோ என ஐயுறுவோர் உளர். பதினாறு பாவனைகளுள் ஒன்று சக்திக்கேற்ற தவம் என்றே பெயர் பெற்றது. தளர்ந்தோர்க்கும் பிணியுற்றோர்க்கும் செய்யும் பணிவிடையாகிய வையாவிருத்தியம் அகத்தவங்களுள் வைத்து எண்ணப்படுகிறது. முனிவர்க்கு அப்பணி செய்ய விரையும் கைகள் வீட்டுப் பாட்டியின் அறைப்பக்கம் செல்லத் தயங்குவது வியப்பே.

உறைவிடம் பற்றிச் சில சொற்கள். மாடி அறையினும் தரைத்தளம் குளிர்ச்சியுடையது. கோடை இரு மாதங்களுக்கேனும் முதியவர் படுக்கையைக் கீழே இறக்குதல் நன்று. மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது செலவு குறைந்த வழி. சாளரங்களைப் பகலில் திரையிட்டு மூடி, வெளிக்காற்று குளிர்ந்தபின் திறக்க வேண்டும். திருடர் அச்சத்தால் இரவிலும் அடைத்து வைப்போர் வலுவான கம்பி வலை பொருத்துவது நலம். அறையின் வெப்பம் 40 பாகையைத் தாண்டிவிட்டால் மின்விசிறி மட்டும் துணை செய்யாது. சுடுகாற்றை வீசி உடலை மேலும் சூடாக்கும். ஈரத்துணியால் மேனியைத் துடைத்தபடி விசிறியை ஓடவிடுவது வேறு, அது குளிர்விக்கும்.

ஆரணி, போளூர், வந்தவாசி வட்டாரச் சிற்றூர்களில் பெற்றோர் தனித்திருக்க, மக்கள் சென்னையிலும் பெங்களூரிலும் வாழ்வது இன்று இயல்பாகிவிட்டது. நாள்தோறும் தொலைபேசியில் "அம்மா, தண்ணீர் குடித்தீர்களா?" என்று கேட்டால் "குடித்தேன் கண்ணு" என்றே விடை வரும். காலையில் நிரப்பிய செம்பு மாலையில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை நேரில் காண்பவரே உண்மை அறிவர். ஆதலின் தெருவிலுள்ள ஒருவர் கதிரவன் மறையுமுன் ஒருமுறையும், விடிந்தபின் ஒருமுறையும் கதவைத் தட்டிப் பார்க்கும் ஏற்பாட்டை மக்கள் முன்கூட்டியே செய்தல் வேண்டும். சிறுநீர் அடர்மஞ்சளாதல், நா உலர்தல், எழும்போது தலைசுற்றல் ஆகியவற்றை அவர் கேட்டறிய வேண்டும்.

பேச்சு குழறினாலோ, ஆளை அடையாளம் காணாமல் உளறினாலோ, மேனி கொதித்து நினைவு தடுமாறினாலோ, அதனை முதுமையின் தடுமாற்றம் என்று கடத்திவிடலாகாது. அது வெப்பவாதமாக இருக்கக்கூடும். உடனே 108க்கு அழைக்க வேண்டும். ஊர்தி வரும்வரை நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடலெங்கும் நீர் தெளித்து விசிற வேண்டும். கழுத்திலும் அக்குளிலும் குளிர்ந்த ஈரத்துணி வைக்க வேண்டும். நினைவு தெளியாதவர் வாயில் நீர் ஊற்றுதல் கூடாது; அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.