கடலடி நட்சத்திரங்கள்



நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நகரியத்தில் நான் சிறுவனாக இருந்த காலத்தில், ஒரு விடுமுறை நாளன்று பரங்கிப்பேட்டைக் கடற்கரைக்குச் சென்றேன். வெள்ளாறு கடலோடு கலக்கும் இடம் அது. வலைஞர் உதறிய வலையினின்று நட்சத்திர மீன் ஒன்று மணலில் விழுந்தது. அதை வளர்க்கும் ஆசையால் தூக்குச் சட்டியில் இட்டு வீட்டிற்குக் கொணர்ந்தேன். குழாய்த் தண்ணீரையும் நிறைய ஊற்றினேன். பொழுது விடியுமுன் அது மாண்டது.

காரணம் எனக்குப் பிற்காலத்திலேதான் விளங்கிற்று. மீன் என்று பெயர் பெற்றாலும் அது மீனன்று. அதற்கு முதுகெலும்பு இல்லை, மூளை இல்லை, குருதியும் இல்லை. உடலினுள்ளே ஓடும் நுண்குழாய்களில் நிறைந்திருப்பது பெரும்பாலும் கடல் நீரே. அந்நீரின் அழுத்தத்தால் அடிப்புறத்துக் குழாய்க் கால்கள் நீண்டும் சுருங்கியும் அதனை நகர்த்துகின்றன. உப்பின் அளவைச் சரிசெய்துகொள்ளும் உறுப்பு அதற்கு இல்லை. ஆகவே, உலகில் அறியப்பட்டுள்ள ஏறத்தாழ 1,900 இனங்களுள் ஒன்றேனும் நன்னீரில் வாழ்வதில்லை. நான் அன்பினால் ஊற்றிய தண்ணீரே அதற்கு நஞ்சாயிற்று.

கடல் முழுவதும் அவற்றிற்கு ஒரே வீடும் அன்று. நம் சோழமண்டலக் கரையின் மணலடியில் வாழும் அஸ்ட்ரோபெக்டனின் குழாய்க் கால்கள் கூர்நுனி கொண்டவை. ஒட்டிப் பிடிக்கும் கிண்ணங்கள் அவற்றில் இல்லை. அக்கால்களால் மணலைத் தோண்டிப் புதைந்து, சிறு சிப்பிகளை முழுதாக விழுங்கும். தெற்கே, மன்னார் வளைகுடாவின் கடற்புல் படுகைகளில், சிவந்த முனைகளையுடைய புரோட்டோரியாஸ்டர் வாழ்கிறது. பாறைகளில் வாழும் இனங்களோ அலை மோதினும் பிடி விடாதவை. இருப்பிடத்திற்கேற்ற கால், காலுக்கேற்ற இரை!

இவை இல்லாவிடில் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். 1963-ஆம் ஆண்டில் ராபர்ட் பெயின் என்னும் அறிஞர், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பாறைக்கரை ஒன்றில் நட்சத்திர மீன்களை மட்டும் இடைவிடாது அகற்றி வந்தார். அவை தின்று கட்டுப்படுத்தி வந்த கருஞ்சிப்பிகள் பெருகிப் பாறையை ஆக்கிரமித்தன. அங்கிருந்த 15 வகை உயிர்கள் 8 ஆகக் குறைந்தன. ஓர் இனம் நீங்கவே ஒரு குடியிருப்பே சிதைந்தது.

நண்பர்களே, அடுத்த முறை கடற்கரைக்குச் செல்லுங்கால் ஈர மணலில் நட்சத்திர மீனைக் கண்டால், அதைப் புரட்டிப் பாருங்கள். குழாய்க் கால்கள் அசைவதைக் கண்டு வியப்புறுங்கள். பின்னர் அலை நீரிலேயே விட்டுவிடுங்கள். அன்று நான் செய்யத் தவறியது அதுதான்.