மனச்சோர்வும் டெலிபோன் வைத்தியமும்

கூலி, போனஸ் என்று பேசும் நாம் இன்று ஒரு வியாதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நடவு வயலிலிருந்து திரும்பிய பெண் அடுப்பு மூட்டாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். இரவில் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. பெற்ற குழந்தையைத் தூக்கவும் மனமில்லை. "சோம்பேறி" என்கிறோம், மிஞ்சினால் பேய் பிடித்தது என்று வேப்பிலை தேடுகிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். வைத்தியம் உள்ள வியாதிதான். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது சுமார் ஒன்றரை மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். கடன் தவணையும் குடிகாரப் புருஷனின் அடியும் சேர்ந்தால் ஏன் வராது?

மனநல டாக்டர் எங்கே இருக்கிறார்? பெரும்பாலும் ஜில்லா தலைநகரில். போய்வர ஒரு நாள் கூலி போகும். அதனால்தான் டெலிபோன் வைத்தியம் வந்தது. 2022 அக்டோபர் 10-இல் மத்திய சர்க்கார் "டெலி மானஸ்" சேவையைத் தொடங்கியது. நம்பர் 14416. இரவு பகல் எந்நேரமும், காசில்லாமல், தமிழிலேயே பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவையானால் டாக்டரிடம் அனுப்புவார். நல்ல காரியம், சர்க்கார் செய்தது என்பதற்காக நாம் குறை சொல்லப் போவதில்லை.

ஆனால் போன் யார் கையில் இருக்கிறது? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமங்களில் தாமே பயன்படுத்தும் மொபைல் வைத்திருந்த பெண்கள் 46.6 சதவீதம்தான். போன் இருந்தாலும் ஓரறை வீடு. "என்னை அடிக்கிறார்" என்று அடிக்கிறவன் காதுபடச் சொல்வாளா?

புதுக்கோட்டை ஜில்லாவில் 2010-இல் ஸ்கார்ஃப் நிறுவனம் மனநோயாளிகளுக்காக ஒரு பஸ்ஸைக் கிராமங்களுக்கு அனுப்பியது. சென்னை டாக்டர் பஸ்ஸுக்குள் இருந்த திரையில் தோன்றிப் பேசினார். மருந்தும் அங்கேயே கிடைத்தது. உள்ளூர் ஊழியர்கள் வீடு தேடிப் போய் அழைத்து வந்தார்கள். திரை மட்டும் இருந்தால் யார் வந்திருப்பார்கள்?

மில் தோழர்களே, வயல் தோழர்களே! ஷிப்டு முடிந்து வந்ததும் போனை அவள் கையில் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போங்கள். என்ன பேசினாய் என்று குடையாதீர்கள். டாக்டர் மாத்திரை கொடுத்தால் குணம் தெரியச் சில வாரம் ஆகும். நாலு நாளில் நிறுத்த விடாதீர்கள். சாகலாம் போலிருக்கிறது என்று சொன்னால் விளையாட்டென்று எண்ணாதீர்கள். பூச்சிமருந்தை வீட்டைவிட்டு அகற்றுங்கள்; தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

சங்க ஆபீஸ்களில் வாரம் ஒரு மாலை ஓர் அறையை மாதருக்கு ஒழித்துக் கொடுக்கும்படி கேட்கிறோம். ஒரு போன், ஒரு நாற்காலி, தாழ்ப்பாள் உள்ள கதவு போதும். சாவி ஒரு பெண் தோழரிடம் இருக்கட்டும்.