காண்ட்ராக்ட் கை மாறினால் வேலைக்கு யார் பொறுப்பு?

(கோவிலூர் கிளைக் கூட்டத்தில் நமது தகவல் தொழில்நுட்பப் பிரிவுத் தோழர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம பக்கத்துப் பெரிய வீடுகளை யார் பார்த்துக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியும். எந்த ஓடு ஒழுகும், எந்தக் கதவு மழைக்கு இறுகும்னு வாட்ச்மேனுக்குத்தான் தெரியும். அரசு குடியிருப்புல பம்ப் ஆபரேட்டர், லிஃப்ட் ஆபரேட்டர், கூட்டுறவங்க எல்லாரும் அப்படித்தான். எந்த வால்வைத் திருப்பினா எந்த பிளாக்குக்குத் தண்ணி போகும்னு டெண்டர் புத்தகத்துல இருக்காது.

குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கியது. 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பெயர் மாறியது. அதுக்கப்புறம் 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டம் வந்தது. குடியிருப்போர் சங்கம் பராமரிப்புக் கட்டணம் வசூலிக்கும், அரசு தன் பங்கைச் சேர்க்கும். நல்ல யோசனைதான், நான் குறை சொல்லல. ஆனா பராமரிப்பு வாரியத்துக்கிட்ட இருந்து சங்கத்துக்கோ புது காண்ட்ராக்டருக்கோ போகும்போது ஏற்கனவே வேலை பார்த்தவங்க கதி என்ன? என் கேள்வி அது மட்டும்தான்.

சென்னையில என்ன நடந்ததுன்னு பார்த்தோம். 2025 ஆகஸ்ட்ல 5, 6-ஆம் மண்டலத் தூய்மைப் பணி தனியாருக்குப் போனதும் ரிப்பன் மாளிகை வாசல்ல தொழிலாளர்கள் உட்கார்ந்தாங்க. பெரும்பாலும் பெண்கள். 13 நாள். நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு ராத்திரியோட ராத்திரியா அப்புறப்படுத்தினாங்க. சுமார் 23,000 ரூபாய் வாங்கின இடத்துல 16,000 பக்கம்தான் வரும்கிறதுதான் அவங்க பயம். தனியார்மயத் தீர்மானத்தை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் மறுத்தது. கடைசியா வாங்கின சம்பளம் குறையக் கூடாதுன்னு மட்டும் சொன்னது. சரி, சம்பளத்துக்கு ஒரு வார்த்தை கிடைச்சது. உழைச்ச வருஷங்களுக்கு?

இதைக் கொஞ்சம் நிதானமா யோசிங்க. பணிக்கொடைக்குப் பொதுவா 5 வருஷம் தொடர்ச்சியா வேலை பார்த்திருக்கணும். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு காண்ட்ராக்டர் வந்தா, ஒரே பம்ப் ரூம்ல 15 வருஷம் நின்னவர்கூட எந்த முதலாளிக்கிட்டயும் 5 வருஷம் முடிச்சிருக்க மாட்டார். தமிழ்நாட்டுல 1981-ல் வந்த பணி நிரந்தரச் சட்டம் 24 மாதத்துல 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கச் சொல்லுது. அந்த 480 நாளை யார் கணக்குல எழுதுறது? ஒரு நிறுவனமே கை மாறினா தொழிலாளிக்கு இழப்பீடு கேட்க வழி இருக்கு. ஒப்பந்தக் காலம் முடிஞ்சு அடுத்த காண்ட்ராக்டர் வந்தா அந்த வழி அடைபட்டுப் போகுது. 2001-ல் செயில் வழக்குல உச்ச நீதிமன்றம், ஒப்பந்த முறையைத் தடை செய்தாலும் தொழிலாளி தானாக முதன்மை நிறுவனத்தின் ஊழியர் ஆகிட மாட்டார்னு சொல்லிடுச்சு.

வழியே இல்லையான்னா, இருக்கு. நியூயார்க் நகரத்துல 2002-ல் ஒரு சட்டம் போட்டாங்க. கட்டடத்தின் நிர்வாகம் மாறினா பழைய துப்புரவு, காவல் ஊழியர்களைப் புது நிறுவனம் 90 நாள் வச்சிருக்கணும். பிரிட்டன்ல 2006 விதிகள்படி ஒப்பந்தம் மாறினாலும் ஊழியர், சம்பளம், பணி வருஷம் எல்லாம் சேர்ந்தே புது முதலாளிக்குப் போகும். முதலாளித்துவ நாடுங்க, தோழர்களே!

இங்க சட்டம் வர்றதுக்கு முன்னாடி டெண்டர் ஆவணத்துலயே நாலு வரி சேர்க்கலாம். இருக்கிற ஊழியர் பட்டியலை அப்படியே எடுத்துக்கணும்; கடைசிச் சம்பளம் குறையக் கூடாது; பழைய பணிக்காலம் சேரணும்; பணிக்கொடைப் பணத்தை வாரியமே பிடிச்சு வைக்கணும்.

காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆயிடுச்சு. இனி டெண்டர்கள் பெருசாத்தான் வரும். உங்க ஏரியா குடியிருப்புல பராமரிப்பு யார் கையில இருக்கு, ஒப்பந்தம் எப்போ முடியுதுன்னு தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டி ஒரு மனு போடுங்க. அங்க வேலை பார்க்கிற அக்கா, அண்ணன்கிட்ட பி.எஃப். பாஸ்புக்கை போன்ல திறந்து காட்டச் சொல்லி, மாதாமாதம் பணம் ஏறுதான்னு கூட உட்கார்ந்து பாருங்க. டெண்டர் நகல் கிடைச்சா நம்ம பக்கத்துக்கு இன்பாக்ஸ்ல அனுப்புங்க. அந்த நாலு வரி இருக்கான்னு நாங்க படிச்சுச் சொல்றோம்.