சாயத்துக்கு முன் சுவரைப் பாருங்கள்
(கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஒரு கிராணி ஆற்றிய உரை)



தீபாவளிக்குச் சாயம் அடித்தோம். பொங்கலுக்குள் அதே கறுப்புப் புள்ளி தலைகாட்டிவிட்டது. நானும் கடைக்காரரைத்தான் திட்டினேன். குற்றம் சாயத்தில் இல்லை, ஈரத்தில்.

பிளாஸ்டிக் தாளொன்றின் நான்கு ஓரத்தையும் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. கூரை ஒழுகுகிறதா, சுவரடியில் நீர் தேங்குகிறதா பாருங்கள். நம்முடையது கடலோரத் தாழ்நிலம் அல்லவா! வெளிப் பக்கம் கோத்தால் அது வீட்டுக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். துணியை உள்ளே காயப்போடாதீர்கள்.

பூஞ்சணத்தைக் காய்ந்தபடி சுரண்டினால் தூள் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகும். சவர்க்கார நீரால் நனைத்துத் தேயுங்கள். குளோரின் வெளுப்பு நீர் போடுவோருக்கு ஓர் எச்சரிக்கை: பால் உறைய ஊற்றும் அமிலமும், உறையாதிருக்கப் போடும் அமோனியாவும் நம் கைக்கெட்டும் பொருள்கள். இரண்டில் எது அதில் கலந்தாலும் நச்சுப் புகை கிளம்பும். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே சாயம்.

ஒழுகும் கூரை யார் பொறுப்பு? தோட்டம் கொடுத்த வீட்டைப் பழுதின்றி வைத்திருப்பது முதலாளியின் கடமை என்கிறது 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம். வாயால் சொன்னதை ஆபீஸ் மறந்துவிடும். கிராணியாகிய எனக்குத் தெரியாதா? தேதியிட்டு எழுதிக் கொடுங்கள். ஒரு நகல் கிளைச் செயலாளரிடம் இருக்கட்டும்.