டோப்பாவும் பட்டாளமும்

(வாசகசாலைக் கூட்டம் ஒன்றில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தின் பெயரைக் கேட்டதும் உங்களில் சிலர் சிரிக்கிறீர்கள். சிரிப்பது தப்பல்ல. டோப்பா என்றால் நாடகக் கொட்டகையும் ராஜபார்ட்டும்தான் நம் மக்களுக்கு ஞாபகத்திற்கு வரும். ஆனால் ஒரு தேசத்தில் படித்த வாலிபர்கள் இந்த டோப்பாவுக்காகத் தங்கள் சர்க்கார்மீதே வழக்குப் போட்டார்கள் என்றும், வழக்கில் தோற்றால் பட்டாளத்தில் போய்க் கிடக்க வேண்டிய நிலைமை அவர்களுக்கு இருந்தது என்றும் சொன்னால் சிரிப்பு கொஞ்சம் அடங்கும்.

இது நடந்தது அமெரிக்காவில். வியட்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். 1969-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி, வருஷத்தின் தேதிகளையெல்லாம் துண்டுச் சீட்டில் எழுதிச் சிமிழ்களில் அடைத்து, கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு ஒவ்வொன்றாய் எடுத்தார்கள். எந்தத் தேதி முதலில் வந்ததோ அந்தத் தேதியில் பிறந்த வாலிபன் முதலில் யுத்தத்திற்குப் போக வேண்டும். நம் ஊரில் கோவிலில் பூக்கட்டிப் பார்ப்பதைக் கேலி செய்கிறோம். பெரிய விஞ்ஞான தேசம், ஒருவன் சாகப் போவதா வேண்டாமா என்பதற்குச் சீட்டுக் குலுக்கிற்று. நிற்க.

இதிலிருந்து தப்ப ஒரு வழி இருந்தது. ரிசர்வ் பட்டாளத்திலோ, மாகாணக் காவல் படையிலோ தானாகவே போய்ச் சேர்ந்துவிடலாம். சில மாதம் முழுப் பயிற்சி. பிறகு ஆறு வருஷம் முடியும்வரை மாதத்தில் ஒரு சனி ஞாயிறும், வருஷத்தில் இரண்டு வாரமும் கவாத்துக்கு வந்தால் போதும். மற்ற நாட்களில் அவன் குமாஸ்தா, மாணாக்கன், சங்கீதக்காரன், எதுவாகவும் இருக்கலாம். அக்காலத்தில் அங்கே வாலிபர்கள் தோள்வரை மயிர் வளர்ப்பது வழக்கமாயிற்று. பட்டாளமோ காதுக்குமேல் ஒட்ட வெட்ட வேண்டுமென்றது. மாதத்தில் இரண்டு நாளைக்காக மீதி இருபத்தெட்டு நாளும் மொட்டைக் கிராப்போடு இருப்பானேன் என்று யோசித்த வாலிபன் ஒரு டோப்பா வாங்கினான். நீள மயிரைச் சுருட்டி, ஊசி குத்தி, அதன்மேல் குட்டைக் கிராப்பு டோப்பாவை மாட்டிக்கொண்டு கவாத்துக்குப் போனான். பார்ப்பவர் கண்ணுக்கு அசல் சிப்பாய். அவன் துப்பாக்கி பிடிப்பதில் குறைவில்லை, நடையில் குறைவில்லை.

பட்டாளத்து அதிகாரிகள் ஒப்பவில்லை. "டோப்பாவைக் கழற்று, மயிரை வெட்டு" என்றார்கள். வெட்டாதவன் கவாத்துக்கு வந்தும் வராதவனாகவே எழுதப்பட்டான். அப்படிப் பல தடவை எழுதப்பட்டால் அவனை 24 மாதம்வரை முழுநேரப் பட்டாளத்திற்கு இழுத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. இரண்டங்குல மயிருக்கு இரண்டு வருஷம்!

இனி அந்தச் சட்டத்தின் வாசகத்தைக் கேளுங்கள். சேவையில் இருக்கும் ஆண்கள் டோப்பா வைக்கக்கூடாது. ஆனால் இயற்கையான வழுக்கையையோ, உடலில் ஏற்பட்ட விகாரத்தையோ மறைப்பதற்கு வைக்கலாம். அப்படி வைக்கும் டோப்பாவும் பட்டாளத்துக் கிராப்பு அளவில் இருக்க வேண்டும். அதாவது தலையில் மயிர் இல்லாதவன் மயிர் இருப்பதுபோல் காட்டலாம். மயிர் இருப்பவன் அது குறைவாய் இருப்பதுபோல் காட்டக்கூடாது. இருவர் தலையிலும் இருப்பது ஒரே கடையில் வாங்கிய ஒரே டோப்பா. ஒன்று ஒழுங்கு, மற்றொன்று குற்றம். இதில் உள்ள நியாயத்தை எந்த சாஸ்திரியும் வியாக்கியானம் செய்துவிட முடியாது.

ஏன் வெட்ட வேண்டும் என்று கேட்டால் அதிகாரிகள் காரணம் சொல்லாமலில்லை. பேன் பிடிக்கும் என்றார்கள். யுத்தகளத்தில் மாதக்கணக்காய்க் குளிக்க முடியாதவனுக்கு இது வாஸ்தவமான காரணம், நாம் மறுக்கவில்லை. விஷப்புகை முகமூடி சரியாய் ஒட்டாது என்றார்கள். அது தாடிக்குச் சரி. பிடரி மயிருக்கு எவ்வளவு சரி என்பதை யோசியுங்கள். இரும்புத் தொப்பிக்கு அடியில் டோப்பா நழுவும் என்றார்கள். அதுவும் இருக்கலாம். ஆனால் வழுக்கைக்காரனின் டோப்பா மட்டும் நழுவாதா? மேலும், இரண்டு உலக யுத்தங்களிலும் சீக்கியர்கள் மயிரும் தாடியும் எடுக்காமல் தலைப்பாகையோடு சண்டை செய்தார்கள். அவர்கள் சரியாய்ச் சண்டை செய்யவில்லை என்று எந்தத் தளபதியும் சொன்னதில்லை.

ஆகவே வழக்கு நீதிமன்றத்திற்குப் போயிற்று. 1972-ல் தீர்ப்புகள் ஒன்றுக்கொன்று முரணாய் வந்தன. ஒரு நீதிமன்றம், டோப்பாவை மறுக்கப் பட்டாளத்திற்கு நியாயமான காரணமில்லை என்றது. வேறு சில, பட்டாளத்தின் கட்டுப்பாட்டில் கோர்ட்டார் தலையிடுவதற்கில்லை என்று கை கழுவின. 1973-ல் கட்டாய ஆள்சேர்ப்பே நின்றது.

தோழர்களே! ஒட்ட வெட்டிய மயிர்தான் ஒழுங்கு என்பது பட்டாளம் பிறந்த நாள் முதல் உள்ள விதி என்று நினைத்துவிடாதீர்கள். அதே பட்டாளம் ஒரு காலத்தில் மயிரை நீட்டச் சொல்லி அடித்தது. பிரஷ்யாவில் 1713 முதல் 1740 வரை ஆண்ட முதலாம் பிரெடெரிக் வில்லியம் என்ற ராஜா, சிப்பாய்கள் எல்லாரும் பின்னால் சடை கட்ட வேண்டும் என்றார். மற்ற ராஜாக்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இங்கிலீஷ் சிப்பாய் தன் தலையில் கொழுப்பைத் தடவி, அதன்மேல் மாவைத் தூவி, சடையை நாடாவால் இறுகக் கட்டிக்கொண்டுதான் கவாத்துக்கு வர வேண்டும். ஒருவனுக்குப் பின்னால் ஒருவன் உட்கார்ந்து, கலியாண வீட்டுப் பெண்களைப்போல் சடை கட்டிக்கொள்வான். மயிர் போதாதவனுக்குப் பொய்ச்சடை! ஆம், அன்று டோப்பா வைக்காததுதான் குற்றம். 1795-ல் இங்கிலாந்தில் கோதுமைப் பஞ்சம் வந்து ஏழைகள் ரொட்டிக்குத் தவித்தார்கள். அதுவரை பட்டாளத்தின் தலையில் மாவு ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் 1808-ல் சடையை வெட்டு என்று உத்தரவாயிற்று. முந்தின நாள்வரை சடை இல்லாதவன் ஒழுங்கீனன். மறுநாள் சடை உள்ளவன் ஒழுங்கீனன். மீசைக் கதையும் இதுவே. 1916 வரை இங்கிலீஷ் சிப்பாய் மேலுதட்டைச் சிரைக்கக்கூடாது என்று விதி இருந்தது. யுத்தத்தின் நடுவில் அதை எடுத்தார்கள். மீசை போனதால் யுத்தம் தோற்றுவிடவில்லை.

இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கு நம் நாட்டிலும் ரத்தம் சிந்தியிருக்கிறது. சென்னைப் பட்டாளத்துச் சிப்பாய்கள் நெற்றிக்குறி போடக்கூடாது, கடுக்கன் போடக்கூடாது, முகவாயைச் சிரைக்க வேண்டும், மீசை ஒரே மாதிரி இருக்க வேண்டும், தோல் வைத்த புதுத் தலைப்பாகை கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். 1806-ம் வருஷம் ஜூலை 10-ந் தேதி வேலூர்க் கோட்டையில் கலகம் வெடித்தது. இரண்டு பக்கத்திலும் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். கவர்னர் பெண்டிங்க் பிரபுவையும் தளபதி கிராடக்கையும் சீமைக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். நெற்றிக்குறி அழிந்ததற்காக நாம் அழப்போவதில்லை. ஆனால் அறிவைக் கொடுத்து அழிப்பது வேறு, துப்பாக்கியை நீட்டி அழிப்பது வேறு. அந்த உத்தரவு போட்ட துரைமார்களின் சொந்தப் பட்டாளத்தில் அன்றைக்கும் சடை விதி எடுபடவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இடையில் ஒரு வேடிக்கை. 1965-ல் அமெரிக்க சர்க்கார், கம்யூனிஸ்ட் தேசத்து மயிரில் செய்த டோப்பா தங்கள் நாட்டுக்குள் வரக்கூடாது என்று தடுத்துவிட்டது. மயிருக்குக்கூட அரசியல் கட்சி கண்டுபிடித்தார்கள்! அந்த வியாபாரத்தைத் தென் கொரியா பிடித்துக்கொண்டு, சில வருஷம் அதன் ஏற்றுமதிகளில் டோப்பாவும் முக்கியமான சரக்காய் இருந்தது. நம்மவர்கள் கோவிலில் சாமிக்கென்று கொடுக்கும் முடியும் ஏலத்தில் போய் வெளிதேசத்தார் தலையில் ஏறுகிறது. சாமி வைத்துக்கொள்ளவில்லை.

இனி, உண்மையாகவே மயிர் இல்லாத வாலிபனைப் பற்றிப் பேச வேண்டும். கட்டாய சேவை உள்ள தேசத்தில் இருபது வயதுப் பையன் ஒருவனுக்கு வழுக்கை விழுந்து, அவன் டோப்பாவோடு இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு உத்தரவு வருகிறது. குண்டுக்குக்கூட அவன் அவ்வளவு பயப்படவில்லை. நாற்பது பேர் படுக்கும் கொட்டடியில், முதல் நாள் ராத்திரி, எல்லார் எதிரிலும் டோப்பாவைக் கழற்ற வேண்டுமே என்றுதான் பயப்படுகிறான். இந்தப் பயத்தை அவனுக்கு யார் கொடுத்தது? தலையைப் பார்த்து ஆளை மதிக்கும் நாமெல்லாம் சேர்ந்து கொடுத்தது. ஜூலியஸ் சீசர் ரோமாபுரியின் மகா சேனாபதி. அவன் தன் வழுக்கைக்கு வெட்கப்பட்டுப் பின்மயிரை முன்னால் வாரிவிட்டான் என்றும், எப்போதும் இலைமாலை சூடும் உரிமை கிடைத்ததில் மிகவும் சந்தோஷப்பட்டான் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். அவனுடைய சிப்பாய்களோ வெற்றி ஊர்வலத்தில் அவன் வழுக்கையைச் சொல்லியே பாடினார்கள். அதே சிப்பாய்கள்தான் அவன் பின்னால் உலகத்தைச் சுற்றினார்கள்.

(இச்சமயம் கூட்டத்திலிருந்து இரண்டு சீட்டுகள் வந்தன.)

முதல் சீட்டு: "டோப்பா வைப்பது பொய் வேஷந்தானே, அதை நீங்கள் ஆதரிக்கலாமா?" பல் போனவன் பல் கட்டிக்கொள்கிறான், கண் மங்கினவன் கண்ணாடி போடுகிறான். அதைப் பொய் என்பாரில்லை. இஷ்டமிருப்பவன் வைக்கட்டும், இல்லாதவன் கழற்றட்டும். பட்டாளத்து டாக்டரிடம் மட்டும் மறைக்க வேண்டாம். திடீரென்று கொத்துக் கொத்தாய் உதிர்வது ஒரு வியாதியின் குறியாயிருக்கலாம்.

இரண்டாவது சீட்டு: "இரும்புத் தொப்பி போடுவதால் வழுக்கை விழும் என்கிறார்களே?" விழாது. ஆண்களின் சாதாரண வழுக்கை, தாய் வழியிலும் தந்தை வழியிலும் வரும் பரம்பரைக் கூறாலும், உடலில் சுரக்கும் ஆண் சுரப்பாலும் உண்டாவது. வட்ட வட்டமாய் உதிர்வதைப் புழுவெட்டு என்கிறோமே, அதில் புழு ஒன்றும் இல்லை. நோயைத் தடுக்க வேண்டிய உடலின் காவல் சக்தியே தவறி மயிர்க்கால்களைத் தாக்குகிறது. அதற்கு மந்திரிப்பதாகச் சொல்லிக் காசு கேட்பவனிடம் கொடுக்காதீர்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரைப் போய்ப் பாருங்கள்.