ரத்தத்தில் உள்ள வகையும் மனிதர் போட்ட வகையும்



நாய்க்கும் பூனைக்கும்கூட ரத்தம் ஏற்றுகிறார்களாமே என்று சிலர் கேலி பேசுகிறார்கள். ஆனால் இந்த வைத்தியமே நாயிடம்தான் தொடங்கிற்று. 1666-இல் இங்கிலாந்தில் ரிச்சர்டு லோயர் என்ற வைத்தியர், ரத்தம் வடிந்து சாகக் கிடந்த நாய்க்கு வேறொரு நாயின் ரத்தத்தைக் குழாய் வழியே செலுத்திப் பிழைக்க வைத்தார். மறு ஆண்டு பாரிஸில் டெனி என்பவர் ஆட்டுக்குட்டியின் ரத்தத்தை ஒரு சிறுவனுக்கு ஏற்றினார். பையன் பிழைத்தான். கன்றின் ரத்தம் ஏற்றிக்கொண்ட இன்னொருவர் மாண்டார். விஷயம் நீதிமன்றம் வரை போயிற்று. நூறாண்டுக்கு மேல் அந்த முயற்சியே கிடப்பில் கிடந்தது.

மனித ரத்தத்திலேயே வகைகள் உண்டு என்று 1901-இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் காட்டினார். ஏ வகைக்காரரின் உடலில் பி வகையை எதிர்க்கும் பொருள் இயல்பாகவே இருக்கிறது. பொருந்தாத ரத்தம் உள்ளே போனால் அதன் சிவப்பணுக்களை அது உடைத்தெறியும், சிறுநீரகம் கெடும், ஆளே போய்விடலாம்.

பூனைக்கும் இப்படித்தான். பி வகைப் பூனைக்கு ஏ வகைப் பூனையின் ரத்தம் சிறிதளவு ஏற்றினாலும் உயிர் போகக்கூடும். நாயின் கதை வேறு. முதல் தடவை பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பிறகு அதன் உடல் எதிர்ப்பொருளைத் தயாரித்துவிடும்; அடுத்த தடவைதான் ஆபத்து. "போன தடவை ஒன்றும் ஆகவில்லையே" என்ற பேச்சு நாயைக் கொன்றுவிடும்!

'ஓ வகை எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும்' என்கிறோம். 1952-இல் பம்பாய் டாக்டர்கள் அதையும் உடைத்தார்கள். சாதாரணச் சோதனையில் ஓ போலவே தோன்றும் சிலருக்கு ஓ ரத்தமும் ஆகாது என்று கண்டார்கள். 'பம்பாய் வகை' என்று உலகம் அதை அழைக்கிறது. நம் நாட்டில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அவருக்கு அதே வகைக்காரரைத்தான் ஊர் ஊராகத் தேட வேண்டும்.

இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த விஞ்ஞானம், தோலின் நிறத்தை ரத்தத்தில் காணவில்லை. ஆயினும் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் யுத்த காலத்தில், 1942-இல், கறுப்பின மக்கள் கொடுத்த ரத்தத்தைத் தனியே சீட்டு ஒட்டிப் பிரித்து வைத்தது. 1950 வரை அந்த வழக்கம் நீடித்தது. டீக்கடையில் தனிக் குவளையைக் கண்ட நமக்கு இது புரியாத விஷயமா?

ரத்தப் பையின் மேல் வகை இருக்கிறது, எடுத்த தேதி இருக்கிறது. கொடுத்தவரின் சாதி இல்லை. பெறுபவரின் ரத்தத்தோடு அதைச் சேர்த்துப் பார்க்கச் சுமார் முக்கால் மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நின்று "ஏன் தாமதம்?" என்று சண்டை போடுகிறோமே, அது வேண்டாம். கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனாலும், வகை பார்த்தீர்களா என்று கேட்போம். இதற்குமுன் ரத்தம் ஏற்றியிருந்தால் அதை மறக்காமல் சொல்வோம்.